திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று முறை தட்டப்பட்ட கதவு: யார் இந்த ஐடா ஸ்கடர்? வேலூர் சி.எம்.சி. உருவான கதை

அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சி பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னு தெரிஞ்சா, வீட்டில் முதலில் எழும் பேச்சு வேலூருக்குப் போகலாமா என்பதுதான். சி.எம்.சி. என்று முழுசாகச் சொல்லக்கூட மாட்டார்கள். வேலூர் என்றாலே ஆஸ்பத்திரிதான். விடியற்காலையில் சாப்பாட்டுக் கூடை, பழைய ரிப்போர்ட் அடங்கிய பிளாஸ்டிக் கவர், ஒரு போர்வையோடு சேத்துப்பட்டு வழியாக வடக்கே கிளம்பிப் போகிற குடும்பங்களை இந்தப் பகுதியில் எப்போதும் பார்க்கலாம்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கான விதை வேலூரில் விழவில்லை. செஞ்சியிலிருந்து கிழக்கே போனால் வருகிற திண்டிவனத்தில், ஒரு பாதிரியார் பங்களா வாசலில் விழுந்தது. அன்று இரவு அந்த வீட்டில் இருந்தவர், இந்தியாவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த 20 வயதை ஒட்டிய ஒரு அமெரிக்கப் பெண்.

அவர் பெயர் ஐடா சோபியா ஸ்கடர். அந்த ஒரு ராத்திரியில் என்ன நடந்தது? அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கு மேல் அவர் என்ன செய்தார்?

ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர்

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9-ம் தேதி, ராணிப்பேட்டையில். ஸ்கடர் குடும்பத்துக்குத் தமிழ் மண் அப்போதே பழகிப்போன ஒன்று. தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் ஊழியமும் பார்த்துவிட்டு, 1836-ல் மெட்ராஸுக்கு மாறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைத்தான் சொல்வார்கள். அவருடைய மகன்கள் 7 பேர் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். அவர்களில் மூன்று பேர் சேர்ந்து 1853-ல் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன்.

அந்தக் காலத்து வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களில் பரவியிருந்த மிஷன் இது. இப்போதைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். ஐடாவின் அப்பா, தாத்தாவின் அதே பெயர் கொண்ட ஜான் ஸ்கடர், இந்த மிஷனில் டாக்டராக இருந்தார்.

இப்படி ஒரு குடும்பத்தில், ஐந்து அண்ணன் தம்பிகளுக்கு நடுவே ஒரே பெண். தமிழ் வீட்டு வேலைக்காரர்கள் மடியில் வளர்ந்த குழந்தை. தானாகவே ஊழியத்துக்கு வந்திருப்பார் என்றுதானே தோணும்? நடந்தது நேர்மாறு.

தாது வருஷப் பஞ்சம்

1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்தது, இன்றும் பெரியவர்கள் வாயில் தாது வருஷப் பஞ்சம் என்று புழங்குகிற அந்தப் பெரும் பஞ்சம். பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மெட்ராஸ் மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்கள்தான் அதிகம் அடிபட்டன.

ஐடாவுக்கு அப்போது ஆறேழு வயது. மிஷன் வளாகத்துக்கு வந்த பட்டினிக் குழந்தைகளுக்கு ரொட்டி கொடுக்கும் வேலை அவரிடமும் வந்தது. ரொட்டியைக் கையில் கொடுத்தால் பலமான பிள்ளை பிடுங்கிக்கொள்ளும். அதனால் துண்டு துண்டாகப் பிய்த்து ஒவ்வொரு குழந்தை வாயிலும் வைக்க வேண்டியிருந்தது. தன் உயரமே இருக்கிற பிள்ளைகள், எலும்பும் தோலுமாக, தன் கையையே பார்த்து நிற்பது ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன செய்யும்? அந்தக் காட்சி ஐடாவை ரொம்ப நாள் விடவில்லை. இந்தியா என்றால் அவருக்குப் பசி, வெயில், சாவு.

1878-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில வருடங்களில் அப்பா மறுபடி இந்தியாவுக்குக் கிளம்பினார். அடுத்து அம்மாவும் போனார். ஐடாவைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டார்கள். மிஷனரிக் குடும்பங்களில் அது சகஜம்தான். ஆனால் சகஜம் என்பதால் பிள்ளைக்கு வலிக்காது என்று இல்லை. அம்மா அப்பாவை இந்தியா பறித்துக்கொண்டது என்கிற எண்ணம் அந்தப் பெண்ணுக்குள் ஊறியது.

பிறகு மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளி. அங்கே ஐடாவுக்கு இருந்த பெயர் குறும்புக்காரி. ஸ்கடர் குடும்பம் என்றதும் நீயும் மிஷனரிதானே என்று கேட்பவர்கள்மேல் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே வசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

1890-ல் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்.

அந்த ராத்திரி நடந்தது என்ன?

இது ஐடாவே பின்னாளில் பல மேடைகளில் சொன்ன சம்பவம். திண்டிவனம் பங்களாவில் ஒருநாள் இரவு, படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருந்தவருக்கு வாசலில் சத்தம் கேட்டது. வெளியே ஒரு இளம் பிராமணர். அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றில் சிக்கித் தவிக்கிறாள். சின்ன வயசு. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். உடனே வந்து உதவ வேண்டும்.

ஐடா, தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டி வருகிறேன் என்றார். அந்த மனிதர் மறுத்துவிட்டார். வேற்று ஆண், அதுவும் வேற்று இனத்தான், தன் மனைவி இருக்கும் அறைக்குள் வருவது அவர் வீட்டு வழக்கத்தில் நடக்காத காரியம். அவள் சாகலாம், ஆண் டாக்டர் மட்டும் வரக்கூடாது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மறுபடி காலடிச் சத்தம். மனசு மாறி வந்துவிட்டார் என்று ஓடிப் பார்த்தால், நிற்பது ஒரு முஸ்லிம் இளைஞர். அதே கதை. அதே வேண்டுகோள். இந்தத் தடவை அப்பாவே பேசிப் பார்த்தார். கோஷா முறையில் இருக்கும் பெண்ணை வெளி ஆண் பார்க்க முடியாது என்று அவரும் போய்விட்டார்.

மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது. இன்னொரு உயர்சாதிக் குடும்பத்து ஆள். அவருக்கும் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். அப்படி ஒருத்தர் அந்த வீட்டில் இல்லை.

விடிந்ததும் தெருவில் பறைச் சத்தம். ஐடா ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

மூன்று குடும்பத்தின் பெயரும் தெரியாது, எந்தத் தெரு என்பதும் தெரியாது. அதனால் இதைக் கொஞ்சம் கதையாகப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அதில் நடக்காத விஷயம் என்று எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்தில் மெட்ராஸிலேயே இந்தப் பிரச்சினை பெரிதாக இருந்ததால்தான், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் முயற்சியில் 1885-ல் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. சேப்பாக்கம் பக்கம் போனால் இன்றும் ஆட்டோக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று காட்டுவது அதைத்தான். மெட்ராஸ் நிலைமையே அப்படி என்றால், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் என்ன இருந்திருக்கும்? மருத்துவச்சியும் வேண்டுதலும்தான்.

அன்று காலை ஐடா அம்மா அப்பாவிடம் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்று: அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பக்கத்து அறையில் கேட்ட கிழவர்

1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று தெரிந்ததும், கடைசிக் கட்டப் படிப்புக்கு அங்கே மாறினார். 1899-ல் பட்டம். கார்னெலில் மருத்துவம் முடித்த முதல் பெண்கள் அணி அது.

திரும்பும் முன் மிஷன் ஒரு வேலை கொடுத்தது. வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டும். கையில் இருந்ததோ சில நாட்கள். வீடு வீடாகப் போனார், பெரிதாக எதுவும் சேரவில்லை. ஒரு வீட்டில் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியிடம் திண்டிவனத்து ராத்திரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அந்தப் பெண்மணியின் அக்கா கணவர் இருந்தார். பெயர் ராபர்ட் ஷெல், வங்கிக்காரர். பணத்தை எளிதில் இறக்காதவர் என்று பெயர் எடுத்தவர். திறந்திருந்த கதவு வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு, கேட்டதைவிட அதிகமாக 10,000 டாலர் எழுதிக் கொடுத்தார். இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நோயாளிகளே வரவில்லை

1900 ஜனவரியில், தோழி ஆனி ஹான்காக்குடன் வேலூர் வந்து சேர்ந்தார் ஐடா. அப்பாவிடம் கொஞ்ச காலம் இருந்து தொழில் பழகலாம் என்று திட்டம். சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார்.

கையில் கார்னெல் பட்டம் இருக்கிறது, தமிழ் பேச வரும், மருந்து இருக்கிறது. ஆனா ஜனங்கள் வரவில்லை. பெரிய டாக்டர் துரை போய்விட்டார், இந்தச் சின்னப் பொண்ணு என்ன வைத்தியம் பார்த்துவிடப் போகிறது என்று ஊர் நினைத்தது. பங்களாவிலேயே ஒரு சின்ன அறையை ஒழித்து மருந்து கொடுக்கத் தொடங்கினார். உதவிக்கு இருந்தவர் சமையல்காரரின் மனைவி சலோமி. நர்ஸ் படிப்பு எல்லாம் கிடையாது. புண் கழுவ, கட்டுப் போட, பயந்து நிற்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்து உள்ளே கூட்டி வர, எல்லாவற்றுக்கும் சலோமிதான்.

சி.எம்.சி. தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது அந்த 1900-ஐத்தான். ஒரு படுக்கை. அதுவும் விருந்தாளி அறையில்.

மெல்ல மெல்லக் கூட்டம் வந்தது. முதல் இரண்டு வருடங்களில் 5,000 பேருக்குச் சிகிச்சை கொடுத்திருந்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் ஆஸ்பத்திரி என்று சொல்லப்படுவது அந்த இடம்தான். பின்னாளில் அது கண் சிகிச்சைக்குப் பேர்போனது.

ஊரில் பிளேக் பரவியபோது, வீடு வீடாகப் போய்ச் செத்த எலிகளைப் பற்றி எச்சரிப்பதும் அவர் வேலையானது. ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருக்கிற டாக்டராக அவர் எப்போதும் இல்லை.

புளியமரத்தடி வைத்தியம்

ஐடாவின் வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டால் பலர் கல்லூரியைச் சொல்வார்கள். ஆனால் கிராமத்து ஆட்களுக்கு அவரை அடையாளம் காட்டியது ரோட்டோர வைத்தியம்தான்.

வாரத்துக்கு ஒருநாள் வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் பழக்கம் அவருக்கு இருந்தது. முதலில் மாட்டு வண்டி. வழியில் எங்காவது வண்டியை நிறுத்தினால் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிரங்கு, கண் நோய், காய்ச்சல், ஆறாத புண். அங்கேயே மரத்தடியில் பெட்டியைத் திறந்து மருந்து போடுவார். அடுத்த வாரம் அதே மரத்தடியில் 10 பேர் காத்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் அதிகம். இப்படியே மரங்கள் நிறுத்தங்களாக மாறின.

1909-ல் ஒரு கார் வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் பூஷோ கம்பெனி வண்டி. ஒரே ஒரு சிலிண்டர், அதிர்வும் புகையுமாகப் போகும். அந்தச் சாலையில் அதற்கு முன் கார் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. பிசாசு வருதுன்னு நினைத்து ஜனங்கள் வயலுக்குள் இறங்கி ஓடினார்கள். சில வாரங்களில் பயம் போனது. பிறகு அந்தப் பிசாசுக்காகவே மரத்தடியில் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியாது என்று ஒதுக்கப்பட்டவர்களும் மரத்தடிக்கு வரலாம் என்பது இதில் பெரிய விஷயம். தொழுநோயாளிகள் வந்தார்கள். சேரி ஜனங்கள் வந்தார்கள். ஒரே வரிசையில் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டியிலிருந்து மருந்து வாங்கினார்கள். இந்த ரோட்டோரப் பழக்கம் அவரோடு நிற்கவில்லை. பின்னாளில் மருத்துவ மாணவிகளும் நர்சிங் மாணவிகளும் அந்த வண்டியில் ஏறிப் போய்த்தான் கிராமத்தைத் தெரிந்துகொண்டார்கள். இன்று சமூக மருத்துவம் என்று கல்லூரிகளில் தனித் துறையாகச் சொல்லித்தருவதை அவர்கள் புளியமரத்தடியில் படித்தார்கள்.

மதம் மாற்றத்தான் இதெல்லாம் நடந்ததா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மழுப்பாமல் சொல்வதானால், ஐடா ஒரு மிஷனரி. அதை அவர் மறைத்ததே இல்லை. காலையில் ஜெபம், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் வேதாகமப் பாடம் எல்லாம் இருந்தன. உடன் வந்த ஆனி ஹான்காக்கின் வேலையே வீடுகளுக்குப் போய்ப் பெண்களிடம் பேசுவதும் நற்செய்தி சொல்வதும்தான்.

ஆனால் மருந்து வாங்க அது நிபந்தனை இல்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள். அப்படியே வந்து அப்படியே திரும்பினார்கள். திண்டிவனத்தில் செத்துப்போன மூன்று பேரும் வேறு வேறு வீட்டுப் பெண்கள், அவர்களில் யாரும் கிறிஸ்தவர் இல்லை என்பது அவருக்கு மறக்கவே இல்லை. பிரசங்கத்தில் சொல்வதைவிட, ராத்திரி 2 மணிக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு பிரசவத்துக்குப் போவதில்தான் அவருடைய விசுவாசம் அதிகம் வெளியே தெரிந்தது. சேவை வாங்க அல்ல, சேவை செய்யவே வந்தேன் என்கிற பொருளில் இயேசு சொன்னதாக வேதாகமத்தில் வரும் வரியைத்தான் பின்னர் கல்லூரி தன் கொள்கை வாக்கியமாக எடுத்துக்கொண்டது.

டாக்டர் இருந்தும் நர்ஸ் இல்லை

ஒரு டாக்டர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? எத்தனை வீட்டுக் கதவைத் திறக்க முடியும்? கொஞ்ச நாளிலேயே ஐடாவுக்கு இந்தக் கணக்கு புரிந்துவிட்டது. தன்னைப் போல் இன்னும் நிறைய பேர் வேண்டும். அவர்கள் இந்தப் பெண்களாகவே இருக்க வேண்டும்.

முதலில் நர்சுகள். 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் உலகம் முழுக்க நர்சுகள் போகிறார்கள். அன்றைக்கு நிலைமை வேறு. அடுத்தவர் மலம், மூத்திரம், ரத்தம் தொடுகிற வேலை என்றால் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பெண்கள், அவர்களிலும் அனாதைகள், விதவைகள் உண்டு. அவர்களுக்குப் பெட்பான் எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன், அது இழிவான வேலை இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு டாக்டரம்மாவே குனிந்து அதைச் செய்தாக வேண்டும். அவர் செய்தார். அதே இடத்தில் 1946-ல் நர்சிங்கில் பட்டப்படிப்பே தொடங்கியது. நாட்டிலேயே முதலில் வந்த நர்சிங் பட்டப்படிப்புகளில் அது ஒன்று.

3 பேர் வந்தாலே அதிர்ஷ்டம்

அடுத்தது பெண் டாக்டர்கள். வட இந்தியாவில் லூதியானாவில் 1894-லேயே எடித் பிரவுன் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் வாங்கியிருந்தார். ஆனால் அவர் ஒரு விதிவிலக்கு. தெற்கே பெண்களுக்கென்று தனி மருத்துவப் பள்ளி இல்லை.

மெட்ராஸ் மாகாண மருத்துவத் துறையின் தலைவர் கர்னல் பிரைசனிடம் அனுமதி கேட்டுப் போனார் ஐடா. அவருக்கு நம்பிக்கையே இல்லை. 3 விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றார். 6 பேர் சேர்ந்தால் தொடங்கிக்கொள்ளட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

வந்த விண்ணப்பங்கள் 151.

1918 ஆகஸ்ட் 12-ம் தேதி பள்ளி தொடங்கியது. எல்.எம்.பி. என்ற மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பு. வாடகைக் கட்டடம். பாடம் எடுப்பதில் பெரும்பங்கு ஐடாவுக்கே. காலையில் உடற்கூறு வகுப்பு, நடுவில் ஆபரேஷன், சாயங்காலம் வார்டு. முதல் வருட அரசுத் தேர்வுக்கு மாணவிகளை அனுப்பும்போது பிரைசன் ஐடாவை முன்கூட்டியே தேற்றினார். ஆண்கள் பள்ளிகளிலேயே பாதிக்கு மேல் தோற்கிறார்கள், உங்கள் பெண்கள் எல்லோரும் தோற்றாலும் மனசு உடைய வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ரிசல்ட் வந்தது. மாகாணத்தில் ஆண்கள் 5 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில்தான் தேறியிருந்தார்கள். வேலூர்ப் பெண்கள் 14 பேரும் தேறிவிட்டார்கள்.

அந்த 14 பேரும் 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, தட்டினால் திறந்துகொண்டு கூடவே போகக்கூடிய பெண் டாக்டர்கள், இந்த மண்ணிலேயே படித்தவர்கள், தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிறவர்கள், இருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் வேண்டுமே. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் ஆசியாவில் இருந்த 7 பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரு பெரிய வசூலில் இறங்கின. மெட்ராஸ் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அந்தப் பட்டியலில் உண்டு. 20 லட்சம் டாலர் நீங்கள் திரட்டினால் 10 லட்சம் நாங்கள் தருகிறோம் என்றது ராக்பெல்லர் நிதியம். லூசி பீபாடி என்ற பெண்மணி முன்னின்று நடத்தினார். ஐடாவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பணம் சேர்ந்தது. தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது, பாகாயத்தில் கல்லூரி வளாகம் வந்தது. இன்று சி.எம்.சி. பிரதான மருத்துவமனையின் விலாசமே ஐடா ஸ்கடர் ரோடுதான்.

எல்லாம் கைவிட்டுப் போகும் நிலை

1938-ல் புது சிக்கல். எல்.எம்.பி. படிப்பு இனி கிடையாது, எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும்தான் என்று மெட்ராஸ் அரசு முடிவெடுத்தது. மருத்துவக் கல்வியின் தரத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் வேலூருக்கு அது தலைக்கு மேல் கத்தி. மேற்படிப்பு முடித்த பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வகங்கள் வேண்டும், படுக்கைகள் பல மடங்கு கூட வேண்டும். இல்லைன்னா மூட வேண்டியதுதான்.

1941-ல், 70 வயது தாண்டிய ஐடா மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இரண்டாம் உலகப் போர் நேரம். சீக்கிரம் திரும்ப நினைத்தவர் வருடக்கணக்கில் அங்கே வசூலுக்காக அலைந்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய விவாதம் வெடித்தது. எல்லா மிஷன்களும் சேர்ந்து பணம் போட வேண்டுமானால் கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்காகப் பெண்களே காசு காசாகச் சேர்த்துக் கட்டிய இடம், அதை எப்படி விட்டுக்கொடுப்பது என்று பழைய ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள். அவர்களில் ஐடாவோடு 20 வருஷம் தோளோடு தோள் நின்றவர்களும் உண்டு. சிலர் உறவையே முறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்களுக்கு எத்தனையோ கல்லூரிகள் இருந்தன, பெண்களுக்கென்று இருந்தவை மிகக் குறைவு. ஐடாவுக்கும் அது கசப்பான முடிவுதான். ஆனால் மூடுவதைவிடத் திறந்துவிடுவது மேல் என்று ஒத்துக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின, 1947-ல் ஆண் மாணவர்களும் வந்தார்கள்.

1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அதையடுத்து நிர்வாகத்தைக் கையில் எடுத்த ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்தவர், அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர்.

கொடைக்கானலில் கடைசி நாட்கள்

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக் காலம் பெரும்பாலும் கொடைக்கானலில், ஹில்டாப் என்ற வீட்டில். அறுபது தாண்டியும் டென்னிஸ் மட்டையை விடாதவர், தோற்பது பிடிக்காதவர் என்று அவரோடு விளையாடியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவிலிருந்து ஒருமுறை டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் நேராக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகவும் ஒரு பேச்சு வேலூரில் பிரபலம்.

அவர் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரி வேறு உயரத்துக்குப் போனது. 1948 வாக்கில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முயற்சியை பால் பிராண்ட் அங்கே தொடங்கினார். மரத்தடியில் ஐடாவால் கட்டு மட்டுமே போட முடிந்த அதே நோய். 1949-ல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார்.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா இறந்தார். வயது 89. வேலூரில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சைகளில் ஒன்று வேலூரில் நடந்தது. 1971-ல் சிறுநீரக மாற்று. 2000-ம் ஆண்டு ஆகஸ்ட் 12-ம் தேதி, அந்த 14 பெண்களின் பள்ளி திறந்த அதே தேதியில், சி.எம்.சி. நூற்றாண்டுக்காக அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

2022-ல் சி.எம்.சி.யின் புதிய பெரிய வளாகம் இரத்தினகிரி பக்கம் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் திறக்கப்பட்டது. அந்த இடம் இருப்பது ஐடா பிறந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில். அவலூர்பேட்டையிலிருந்து கிளம்புகிற குடும்பங்கள் இப்போது சீட்டைப் பார்த்து, போக வேண்டியது டவுன் ஆஸ்பத்திரியா, ராணிப்பேட்டை வளாகமா என்று முதலில் விசாரித்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள்.